பதினேழாம் லெவல்

"பதினேழாம் லெவலுக்கு வந்தா செத்தவங்களையும் எழுப்பேலும். அப்படித்தானே நானா?"

அப்ரா தன் அண்ணன் மர்ஸூக்கிடம் கேட்டாள். அவர் உருட்ட எடுத்த இருபது முகத் தாயக்கட்டையைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். குசினியிலிருந்து உம்மா "அஸ்தஃபிருல்லாஹ்" என்றது கேட்டது. விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாக மர்ஸூக் முனகிவிட்டு, அன்றைய ஆட்டத்தை அத்தோடு முடித்துக்கொண்டார்.

கனமூலையில் உம்மாவின் வீட்டில் நாலு வருடமாக வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கிற ஆட்டம் அது. கொண்டுவந்தவர் அப்ராவின் கணவர் ஸியாத். கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப் போவது அவர் தொழில். அப்படி வந்த ஒருவர் அன்பளிப்பாக விட்டுப்போன தடித்த புத்தகமும் ஒரு பை தாயக்கட்டைகளும்தான் ஆரம்பம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே மலையும் கடலும் தாண்டுகிற விளையாட்டு. கதையை நடத்துகிறவர் மர்ஸூக். அவர் மனைவி றம்லா மந்திரக்காரி, தங்கை அப்ரா வைத்தியக்காரி, ஸியாத் வாள்வீரன். வெல்ல வெல்ல லெவல் ஏறும். லெவல் ஏற ஏற வலிமை கூடும்.

ஸியாத் இல்லாமற்போன கிழமையே மர்ஸூக் அந்த வாள்வீரனையும் கதைக்குள் முடித்துவிட்டார். பாலம் இடிந்தது, ஆள் ஆற்றோடு போனான். ஒற்றை வசனம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்ரா கற்பிட்டியிலிருந்து வந்து உம்மா வீட்டில், மார்க்கம் பெண்ணுக்கு விதித்த காத்திருப்பு மாதங்கள் முடியும்வரை, இத்தா இருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பொறுமையாக இருக்கும்படி சொல்லி, துஆக் கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் ஸியாத்தின் பெயரை எடுப்பதே நின்றுபோனது. ஆட்டத்தை மட்டும் அப்ரா நிறுத்த விடவில்லை. அவளுக்குக் கொஞ்சமாவது சிரிப்பு வந்தது அந்த மேசையில்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினேழாம் லெவலின் முதல் ஆட்டம். புத்தளத்தில் தன் ஃபோன் திருத்தும் கடையில் இருந்தபோதும் மர்ஸூக்குக்கு அதே யோசனைதான். பறக்கவும், நேரத்தை நிறுத்தவும், சுவருக்குள்ளால் நடக்கவும் தெரிந்தவர்களை இனி எதைக் காட்டிப் பயமுறுத்துவது? நெருப்புக் கக்குகிற எவ்வளவு பெரிய பறவைநாகத்தை இறக்கினாலும், ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் இவர்கள் அதை அறுத்துப் போட்டுவிடுவார்கள். அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். வைத்தியக்காரியின் கைக்கு வரப்போகும் புதிய வலிமையை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை.

காலையில் பாணும் சம்பலும் வைத்த றம்லாவிடம் அதைச் சொன்னார். விளையாட்டுத்தானே, எழுப்பினால் எழுப்பிவிட்டுப் போகட்டும் என்றாள் அவள்.

"எழுப்பினா அவருக்காக ஆர் பேசுறது? நானா? அவர்ட குரல்ல நான் பேச, இவள் அதக் கேட்டுட்டு இரிக்கவா?" என்றார் மர்ஸூக். "போனவர் போனதுதான் றம்லா. திரும்பி வருவார் எண்டு அவளுக்கு ஆசை காட்டேலா."

றம்லா சம்பல் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

வியாழக்கிழமை புத்தகத்தில் ஒரு வழி கிடைத்தது. எழும்பி வர அந்த ஆன்மாவுக்கும் சம்மதம் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மர்ஸூக்குக்கு மூச்சு வந்தது. சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடியும். ஒருநாள் அழுவாள். பிறகு ஆறிவிடும்.

வெள்ளிக்கிழமை அவர் கட்டிவைத்திருந்த கோட்டையையும், அதைக் காத்த பறவைநாகத்தையும் அப்ரா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வைத்தியக்காரி நேரே ஆற்றங்கரைக்குப் போகிறாள் என்றாள். இடிந்த பாலத்துக்குக் கீழே இறங்கி, இருக்கிற வலிமை முழுவதையும் கூட்டி, வாள்வீரனை எழும்பச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றாள். தாயக்கட்டையை உருட்டினாள். நல்ல எண்தான் விழுந்தது.

மர்ஸூக் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழும்புகிறவரின் சம்மதமும் வேண்டும் என்ற விதியைச் சொன்னார். எவ்வளவு தன்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தன்மையாகச் சொன்னார்.

"தெரியும், நானும் வாசிச்சன்" என்றாள் அப்ரா. "சம்மதமா இல்லையா எண்டு ஆர் சொல்றது?"

"கதை சொல்றவன் நான்தானே தங்கச்சி."

"இல்ல நானா. அந்த வேஷம் அவர்ட. அவர்தான் சொல்லணும்."

மர்ஸூக் றம்லாவைப் பார்த்தார். அவள் குனிந்து, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். வெளியே படலை திறக்கிற சத்தம் கேட்டது. உம்மா யாருக்கோ ஸலாமுக்குப் பதில் சொல்லி, கதிரையில் உட்காரச் சொன்னார்.

"ஸியாத் வந்திரிக்கார், நானா. உங்கட கதையிலதான் அவர் செத்தவர்" என்றாள் அப்ரா. "அவர் சொன்னது மூணில்ல, ஒரு தலாக்தானே, இத்தா முடியிறதுக்குள்ள என்னத் திருப்பிக் கூட்டிட்டுப் போறதுக்குக் கேட்டு வந்திரிக்கார்."