ஆர்வில் எழுதிய சரித்திரம்

எங்கள் காபிக் கடையில் தினமும் காலையில் ஆர்வில் ஒரு தேர்தலை நடத்தி முடித்துவிடுவார்.

தேர்தல் என்னவோ பழசுதான். கவர்னர் ஃபேர்லி ஜனாதிபதி பதவிக்கு நின்று நூலிழையில் தோற்ற தேர்தல். துணை ஜனாதிபதி வேட்பாளராக அவர் சேர்த்துக்கொண்டது யாரோ ஒரு கிழக்குக்கரைக் கனவான். சோளத்துக்கும் சோயாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். எங்கள் அயோவா மாதிரி விவசாய மாநிலத்தில் ஓட்டு விழுமா?

ஆர்வில் அந்த ஆளை மாற்றிவிடுவார். முதலில் கூப்பிட்டது நம்ம ஊர் செனட்டர் லோவெல் டீட்ஸைத்தானே. அவர் மட்டும் சரியென்று சொல்லியிருந்தால் அயோவா நமது, விஸ்கான்சின் நமது, ஒஹாயோவும் நமது. ஃபேர்லி வெள்ளை மாளிகையில். பிறகு டிராக்டர் தொழிற்சாலையை எவன் மூடியிருப்பான்? ஆர்விலுக்கு ஏன் வேலை போயிருக்கும்?

கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. காபி ஊற்றுகிற என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் கொடுமை, அந்த டீட்ஸ் பக்கத்து மேஜையில் டோனட் தின்றபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஏன் மாட்டேன் என்றீர்கள் என்று கேட்டால், அந்த வருஷம் ஏரியில் தூண்டிலுக்கு மீன் நன்றாகச் சிக்கியது என்பார். ஊரே காறித் துப்பாத குறைதான்.

டீட்ஸின் தத்துப்பிள்ளை வெண்டல், ஆர்விலின் ஓட்டை வண்டியைச் சும்மாவே பழுதுபார்த்துக் கொடுப்பான். அப்பன் அப்படி, பிள்ளை தங்கம் என்பார் ஆர்வில்.

நேற்று ஆர்விலை அழைத்துப்போக அவர் மகள் ஜோலீன் வந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். படிக்கிற வயதிலேயே, அத்தைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பக்கத்து மாநிலத்து ஒமாஹா நகரத்துக்குப் போய் ஒரு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பெண்.

ஆர்விலுக்கு நேற்று வாய் ரொம்பவே நீண்டுவிட்டது.

"இந்தக் கோழையாலதான் என் பொழப்பு போச்சு. வாசல் தேடி வந்த பதவியை மீனுக்காக விட்டவன். இவனெல்லாம் ஒரு மனுஷனா?"

டீட்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உட்காருங்க சார்," என்றாள் ஜோலீன்.

டீட்ஸ் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் கேட்கவில்லை.

"அப்பா, உங்க கதையில இவர் சரின்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

"பேரை அறிவிக்கறதுக்கு முன்னாடியே கட்சிக்காரங்க குடும்பத்தைக் குடைவாங்க. பத்திரிகைக்காரங்க அதுக்கு மேல. தத்துப்பிள்ளையைப் பெத்தவ யாருன்னு தேடுவாங்க."

"தேடினா தேடட்டும். அதனால நமக்கென்ன?"

"தேடிக்கிட்டே ஒமாஹாவுக்குப் போயிருப்பாங்கப்பா. அத்தைக்கு அப்போ ஒரு நோயும் இல்ல. வெண்டலை நான் அங்கதான் பெத்தேன்."