மரப்பறவையின் இடது சிறகு

பிஸ்டலை உயர்த்தினேன். யோகம் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறான் என்பது அவன் பூசியிருந்த சென்ற் மணத்திலேயே தெரிந்தது.

எனக்குப் பிறகு அவனுடைய முறை. இந்த ஒரு முறைக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

மண்மேட்டின் முன்னால் நட்டிருந்த கம்பத்தில் ஒரு பலகை. பலகையில் பூட்டிய மரப்பறவையில் இடது சிறகு மட்டும் மிச்சம். தலை, வால், வலது சிறகு எல்லாவற்றையும் ஜெர்மன்காரர்கள் காலையிலிருந்தே சுட்டு உதிர்த்துவிட்டார்கள். காற்பந்து உலகக் கிண்ணம் முடிந்த கோடை அது. வீடுகளின் ஜன்னல்களில் கொடிகள் இன்னும் தொங்கின.

"அண்ணை, தவறி விழுத்திப் போடாதேங்கோ. பிறகு ஊர் முழுக்க பியர் வாங்கிக் குடுக்க உங்களிட்ட என்ன கிடக்கு?" என்றான் யோகம்.

அதையே ஜெர்மனிலும் சொன்னான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் யாருடைய சூட்டுக்குக் கடைசித் துண்டு விழுகிறதோ, அவன்தான் அந்த வருடத்து ராசா. மாட்டேன் என்று சொல்ல முடியாது. சங்கிலி போடுவார்கள், தோளில் தூக்குவார்கள். பிறகு வருடம் முழுக்க அவனைக் கறப்பார்கள். கூடாரத்துப் பியர், பாண்டு வாத்தியம், மனைவிக்கு நிலம் கூட்டும் கவுன், எல்லாம் அவன் தலையில்.

நான் உணவகத்தில் கோப்பை கழுவி ஓய்வு பெற்றவன். சிறகு விழுந்தால் நான் முடிந்தேன்.

யோகத்துக்குக் கடை இருக்கிறது, கார் இருக்கிறது. கை மட்டும் திறக்காது. பச்சை ஜாக்கெற்றும் பதக்கங்களும் வேண்டும், ராசாப் பட்டம் வேண்டாம். பறவை மெலிந்ததும், பறவையை விட்டுவிட்டுப் பலகையில் சுடுவான். காற்று என்று சொல்லிக் கையை விரிப்பான். எல்லோரும் நம்பினார்கள். நான் யாரையும் நம்புவதில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தப் பலகையைக் கழற்றி மாற்றுகிறவன் நான்தான். அவனுடைய துப்பாக்கி ரவைகள் ஒரே இடத்தில் கூடிக் கிடக்கும். காற்று அப்படி ஒழுங்காக வீசாது.

மூன்று வருடத்துக்கு முன் கழகத்தில் ஒரு ரவைப் பெட்டி காணாமல் போனது. தலைவர் ப்ரொக்மன் ஒருவரையும் சந்தேகிக்கவில்லை. யோகம்தான் எழும்பி, முதலில் எங்கள் தமிழ் ஆளைப் பார்ப்போம் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, ஒருக்காப் பொக்கற்றைக் காட்டுங்கோ."

காட்டினேன். சுட்டு முடித்த வெறும் கோதுகள் மேசையில் கொட்டின. பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு ஏதோ கொடுப்பார்கள், அது அடுத்த ரவைக்கு உதவும். தலைவரிடம் கேட்டுத்தான் பொறுக்கினேன். அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் காணாது. தலைவர் சொன்னார்தான், ஆனால் எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு.

அடுத்த நாள் பெட்டி அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. அதை ஒருவரும் சத்தமாகச் சொல்லவில்லை. யோகம் தன் கடையில் வேறு கதை சொன்னான். அந்தக் கோடை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில், அவன் கடைக்குச் சாமான் வாங்க வரும் கமலநாயகி அக்கா என்னைக் கண்டதும் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

நான் கழகத்தை விட்டுப் போய்விடுவேன் என்று நினைத்தார்கள். போகவில்லை.

சனிக்கிழமைகளில் கூடத்தைக் கூட்டித் துடைத்தேன். அதற்குப் பதிலாகக் கழகத்துப் பிஸ்டலில் வாடகையில்லாமல் சுட விட்டார்கள். ரவை மட்டும் என் செலவு. சிகரெட்டை விட்டேன். பஸ்ஸை விட்டு நடந்தேன். மற்றவர்கள் சீனவெடி கொளுத்துவதுபோலச் சுட்டுத் தள்ள, நான் ஒரு ரவையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பேன். மிச்சப் பழக்கமெல்லாம் வீட்டில், ரவையில்லாமல். அரிசி நிரப்பிய போத்தலை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு, குசினிச் சுவரில் இருந்த ஒரு கீறலைப் பார்த்தபடி நிற்பேன். தோள்மூட்டு நோவுக்கு வைத்தியர் சொன்ன பயிற்சி என்று என் மனைவி கலாதேவி நினைத்தாள்.

கழகத்துப் பயிற்சி அட்டையில் என் ரவை வட்டத்தின் நடுவில் பட்டதே இல்லை. எப்போதும் வட்டக் கோட்டை உரசிக்கொண்டு போகும். கிழவனுக்குக் கண் போய்விட்டது என்றார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். சிறகு பலகையோடு ஒட்டிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மரம் இருந்தது. அதில் ஒரு நார் மிஞ்ச வேண்டும். ஒரேயொரு நார்.

சுட்டேன்.

மரச் சிறாம்பு பறந்தது. சிறகு ஒருமுறை துடித்தது.

விழவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சிறகு முன்புபோலவே உறுதியாகத் தெரிந்தது.

நல்லகாலம் தப்பினீர்கள் என்பதுபோல யோகம் என் முதுகில் தட்டினான். பிறகு வந்து நின்று, காலை அகட்டி, வழக்கம்போலப் பலகையில் தன்னுடைய வழக்கமான இடத்தில் சுட்டான்.

பலகை அதிர்ந்தது.

சிறகு கழன்று புல்லில் விழுந்தது.

பாண்டு உடனே தொடங்கிவிட்டது. நாலு பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன் காற்று, காற்று என்றான். வாத்தியச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவன் மனைவி தேவமலர் மட்டும் உண்மையாகவே சந்தோசப்பட்டாள். கவுனுக்கு எந்த நிறம் எடுப்பது என்று அப்போதே பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சங்கிலி போடுவதற்காக அவனைக் கீழே இறக்கினார்கள். கை கொடுக்க வருகிறேன் என்று நினைத்து எனக்கு வழி விட்டார்கள். அவனுடைய காதுக்குக் கிட்டக் குனிந்தேன்.

"தம்பி, ஒருக்காப் பொக்கற்றைக் காட்டும்."