ஏற்கெனவே நூறு

ஸ்கேன் சென்டரின் படங்கள் எல்லாம் கிளவுடில் ஒரு லினக்ஸ் மெஷினில் இருந்தன. அதன் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஐம்பது ஜிபியை வெளியே கிளவுட் கணக்கில் நூறாக்கியிருந்தார் பின்சீட்டில் உட்காரும் சீனியர் சுயம்பு. மெஷினுக்குள் அதை விரிப்பது ஜெனிட்டாவின் வேலை. ஒரு படம் அழிந்தாலும், இன்னும் நிரந்தரமாகாத அவள் வேலை போய்விடும். அதனால் மாலை வகுப்பு நோட்டில் எட்டுக் கட்டளைகளை எழுதி, பக்கத்திலேயே பென்சில் கட்டங்கள் போட்டிருந்தாள். காலையில் மெஷினுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் ஏற்கெனவே நூறாக விரிந்திருந்தது.

“அண்ணே, நீங்க பண்ணிட்டீங்களா?”

“எனக்கு வேற சோலி இல்லையா? மெஷினுக்குள்ள போற சாவி உன்கிட்டதானே கெடக்கு.”

மெஷினில் பதிவாகியிருந்த பழைய கட்டளைகளைத் திறந்தாள். அவளுடைய எட்டும் அவளுடைய வரிசையிலேயே இருந்தன. நேரம் நேற்று மாலை ஆறே முக்கால். அப்போது அவள் வகுப்பில் இருந்தாள், நோட்டு மடியில் இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அளவு இரண்டு முறை சரிபார்க்கப்பட்டிருந்தது. எதையும் இரண்டு முறை பார்க்கும் தன் சந்தேகப் புத்தியை அவள் நோட்டில் எழுதியதே இல்லை.

இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்டாள். அவள் பெயர் இரண்டு தடவை வந்தது. வழக்கப்படி மறுபடியும் கேட்டாள். ஒரு தடவைதான் வந்தது.

படங்களை எண்ணினாள். எதுவும் குறையவில்லை.

“முடிஞ்சுதா மக்ளே? இல்ல, இன்னும் பயந்துட்டுதான் இருக்கியா?”

“நான் செய்யல” என்று சொல்லத்தான் திரும்பினாள்.

“முடிஞ்சிட்டுண்ணே.”

எட்டுக் கட்டங்களிலும் டிக் போட்டாள், தேவைப்பட்டால் அழித்துவிடலாம் என்பதுபோல் மிக லேசாக.