போனில் சேமித்த பெயர்

"நம்ம தோலைப் பாத்துதான் தங்கச்சி, இந்த மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசுறான். இன்னைக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடணும்!"

ஓட்டல் லாண்டரியில் துணி துவைக்கும் அக்கா பொரிந்து தள்ளினாள். இஸ்திரி போடுகிறவள் புகார் மனுவை மடித்து உறைக்குள் போட்டாள்.

"நான் மட்டும் போய் நின்னா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நீங்களும் கூட வந்து சொல்வீங்கல்ல அக்கா?"

"என்னடி கேள்வி இது? நீ என் கூடப் பிறக்கலை, அவ்வளவுதான் குறை. கிளம்பு! ஐயோ, என் போனை எங்கே வெச்சேன்?"

"இருங்க, நான் அடிச்சுப் பாக்கிறேன்."

அழுக்குப் போர்வைக் குவியலுக்குள் மணி ஒலித்தது. இஸ்திரி போடுகிறவள் குனிந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள்.

'லாண்டரி கறுப்பி' அழைக்கிறாள்.

"கிடைச்சிடுச்சா? வா தங்கச்சி, போவோம்!"

"வேண்டாங்க்கா. நான் தனியாவே போய்க்கிறேன்."

போனை அக்காவின் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

வேறொரு கண்டத்திலிருந்து பிழைக்க வந்தவளுக்கு, மூன்று வருடமாக மதிய இடைவேளைகளில் பேச்சும் எழுத்துமாகத் தமிழ் சொல்லிக் கொடுத்தவளே அந்த அக்காதான். எழுத்துக்கூட்டாமல், யார் உதவியும் இல்லாமல், அவள் வாசித்த முதல் தமிழ் அது.