பத்து கோமளா

புதிய கணினிச் சிப்புகளின் வேகத்தை அம்பத்தூரில் கோமளாவை வைத்துத்தான் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் சரிபார்க்கும் பில்கள்தான் அளவுகோல். வரப்போகும் சிப் பத்து கோமளாவுக்குச் சமம் என்று தகவல் கசிந்ததும் முன்பதிவு குவிந்தது. ஆனால் சோதனையில் அது ஆறைத் தாண்டவில்லை.

மேலாளர் ஒரு டாக்டருடன் அவள் வீட்டுக்கு வந்தார்.

"சிப்பை இதுக்கு மேல வேகமாக்க முடியாதும்மா. ஊரே பத்துன்னு நம்பிடுச்சு."

"அப்ப நான் மெதுவா பண்றேன் சார்."

"நடிச்சா ஆடிட்ல தெரிஞ்சிரும்."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். "கொஞ்சம் மந்தமா இருக்கும். அவ்வளவுதான்."

"அப்புறம் சரியாயிடுமா சார்?" என்றான் காபியோடு வந்த அவள் கணவன்.

மேலாளர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அடுத்த சிப் பதினஞ்சுன்னு இப்பவே கசிஞ்சிருச்சுங்க."