எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் கருவி

வெள்ளிக்கிழமை, பகல் தொழுகைக்குக் கிளம்பும் நேரம். மேலாளர் பாக் ஹெர்மன் நின்றபடியே ராத்ரியின் திரையை எட்டிப் பார்த்தார்.

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலுள்ள அந்தத் தொழிற்சாலையில் அவள் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு வாரம். கணினியின் உள்மையமான கெர்னலுக்குள் ஒரு சின்னக் கருவி நிரலை எழுதி ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம்.

"எதை எழுதினாலும் வாங்கிக்கும், பாக். பதில் கேட்டா ஒரு வரி சொல்லும்."

அவர் கைக்கு வந்ததைத் தட்டினார். 'மத்தூர் நுவுன்' என்று வந்தது.

"என்னம்மா, ஜாவா பாஷையில நன்றி எல்லாம் சொல்லுது?"

"முதல்ல எழுதுற புரோகிராம்ல எல்லாரும் 'ஹலோ வேர்ல்ட்'னு உலகத்துக்கு வணக்கம் போடுவாங்க. நான் எங்க ஊர் நன்றியைப் போட்டேன். மாத்திடுறேன்." ராத்ரி தயங்கினாள். "வர்றதைச் சேமிக்கிற பகுதியை இன்னும் எழுதல, பாக். இப்போதைக்கு எல்லாத்தையும் எங்கயும் வைக்காம அழிச்சுட்டு, நன்றி மட்டும் சொல்லும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுறேன்."

"வேண்டாம். திங்கக்கிழமை வெளிநாட்டுல இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. அவங்ககிட்ட காட்ட இதுவே போதும். நீ ஒண்ணையும் தொடாதே."

வேலை நிரந்தரமானது.

அடுத்த மாதம் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கை வெனிங் எதிரே வந்து உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை. இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை கலைந்ததற்கு அந்தப் புகைதான் காரணம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

வெனிங் தட்டிலிருந்த சோயா தெம்பேயைத் தொடவில்லை. இருமிக்கொண்டே இருந்தாள்.

"புகையை இழுக்கிற விசிறி இன்னுமா ஓடல? வேற இடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேட்டியா?"

"சூப்பர்வைசரைக் கேட்டேன். பிள்ளை பெத்துக்கவா சம்பளம் தர்றோம்னு கேக்குறார்."

"அந்த ஆளை விடு. மேலிடத்துக்குப் புகார் கொடு. உன் அக்கா இப்ப நிரந்தரம், யாருக்கும் பயப்படாதே."

வெனிங் சிரித்தாள்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஆய்வுக்காரங்க வந்த அன்னிக்கு வாசல் கேட்டுக்குப் பக்கத்துல, புகார் எழுதுறதுக்குன்னு ஒரு திரை வச்சாங்க. தினமும் எழுதிட்டுத்தான் உள்ள வர்றேன். எழுதின உடனே 'மத்தூர் நுவுன்'னு வருது. நம்ம ஊர்க்காரங்க யாரோதான் உட்கார்ந்து படிக்கிறாங்க போல, இல்லக்கா?"