வாசனை இல்லாத பாதை

எறும்புப் புற்றில் பாதைகளைச் செப்பனிடும் பொறுப்பு செவ்வி என்ற எறும்பிடம் இருந்தது. மழை வருவதற்குள் ஒரு பாதையைச் சீராக்கும் அளவுக்கே ஈரமண் இருந்தது. எந்தப் பாதையில் கால்வாசனை அதிகமோ, அதற்கே முதலில் மண் என்பது அங்கே வழக்கம்.

"சர்க்கரைப் பாதைதான் கமகமக்கிறது. இன்னும் என்ன யோசனை, அக்கா? முதுகு ஒடிகிறது!" என்றது மண் சுமந்து நின்ற கட்டையன்.

செவ்வி மேற்குப் பாதையை மீண்டும் முகர்ந்தது. துளி வாசனை இல்லை.

"அங்கேதான் யாருமே நடப்பதில்லையே!"

"நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம். எப்படியப்பா நடப்பார்கள்? அந்தப் பக்கத்துத் தாழ்வறையில் முட்டைகள் இருக்கின்றன. மழை வந்தால் மூழ்கிவிடும். இங்கே கொட்டு."

கட்டையன் முணுமுணுத்தபடியே கொட்டியது. பள்ளம் நிரம்பியதும், மறுபக்கம் தவித்துக் கிடந்த தாதி எறும்புகள் முட்டைகளோடு ஓடிவந்தன. முதல் தூறல் விழுந்தது.

"அம்மா, அதை என்னிடம் கொடுங்கள்," என்று ஒரு தாதியின் முட்டையை வாங்கக் கட்டையன் முன்னே ஓடியது.